செவியும் தேயிலையும்: ஊவாத் தோட்டங்களிலிருந்து நோக்கும்போது செவித்துணைக் கருவியின் வரலாறு

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடித்தவரிடமிருந்தே தொடங்குவர். ஒரு கருவி எப்பொழுது, எவரால், எந்த ஆய்வுகூடத்தில் உருவாயிற்று என்பதே அவர்களது முதல் வினாவாக அமைகின்றது. அக்கருவி எவரை மனத்திற் கொண்டு வடிவமைக்கப்பட்டது, எவரை அது சென்றடையவில்லை என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இக்கட்டுரையில் செவித்துணைக் கருவியின் வளர்ச்சியை இவ்விரண்டாம் வகை வினாக்களின் ஊடாக நோக்க முனைகின்றோம். நாம் நின்று நோக்கும் இடம், பதுளையை மையமாகக் கொண்ட ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களாகும்.

கருவியொன்றின் உருவம் அதைப் பயன்படுத்துவோர் பற்றிய ஒரு கற்பனையைத் தன்னுள் கொண்டுள்ளது. செவித்துணைக் கருவியின் இருநூறு ஆண்டு வரலாற்றில் அக்கற்பனைக்குள் அரசர் வந்தார், வணிகர் வந்தார், ஐரோப்பியத் தொழிலாளரும் வந்தார். கொழுந்து பறிக்கும் பெண்ணோ தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்கு அருகே நிற்கும் ஆணோ அதற்குள் வரவில்லை. இதற்கான காரணங்கள் ஒரு பாதி தொழில்நுட்பத்திலும் மறு பாதி அரசியலிலும் கிடக்கின்றன என்பதே நாம் இங்கு நிறுவ விரும்பும் கருத்தாகும்.

1. ஒலியால் ஆளப்பட்ட உலகம்

ஊவா 1886இல் தனி மாகாணமாக அமைக்கப்பட்டது. 1869 முதல் பரவிய இலைத்துரு நோயினால் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டியது. பசறை, நமுனுகுல, மடுல்சீமை, அப்புத்தளை, கொஸ்லந்தை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் குடியமர்த்தப்பட்டனர்.

அத்தோட்டங்களின் நாளாந்த வாழ்வு எழுத்தைவிட ஒலியினாலேயே ஒழுங்குபடுத்தப்பட்டது. இருள் கலையுமுன் தப்பும் கொம்பும் லயங்களை எழுப்பின. பெரட்டுக்களத்தில் கங்காணியின் குரலே அன்றைய மலையையும் வேலையையும் தீர்மானித்தது. கணக்கப்பிள்ளை கூப்பிடும் பெயருக்கு விடை கூறுவதும், நிறுவையின்போது கூறப்படும் இறாத்தலைக் கேட்டு மறுக்க வேண்டிய இடத்தில் மறுப்பதும் கூலியோடு தொடர்புடையவை. பிந்தி வந்தவருக்கு வேலை மறுக்கப்படுவதும், நாள்முடிவில் 'அரைப்பேர்' மட்டுமே பதியப்படுவதும் தோட்ட வழக்கில் எல்லோரும் அறிந்த செய்திகள்.

எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் செவியே ஆவணமாகவும் அறிவித்தற் பலகையாகவும் இயங்கிற்று. எனவே செவிப்புலன் குறைந்தவர் இழந்தது ஒரு புலனை மாத்திரமன்று. கூலியைக் கணக்கிடும் முறையில் தமது தரப்பைக் கூறும் வாய்ப்பையும் அவர் இழந்தார். 'செவிடு' என்ற சொல் தோட்டத்திலும் வெளியிலும் வசைச்சொல்லாக நிலைத்தமைக்கு இவ்வுற்பத்தி உறவுகளில் ஒரு வேர் உண்டு. கட்டளையைக் கேளாதவர் என்பதும் கட்டளைக்குப் பணியாதவர் என்பதும் துரைத்தனத்தின் பார்வையில் ஒன்றாகவே தோன்றக்கூடும்.

2. இரைச்சல், நோய், மருந்து

தேயிலையை உலர்த்துவதும் உருட்டுவதும் இயந்திரங்களின் வேலையானபோது, தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என அழைக்கும் தொழிற்சாலை உருவாயிற்று. பெல்பாஸ்ற் நகரின் டேவிட்சன் தயாரித்த சிரொக்கோ உலர்த்திகளும் ஜாக்சன் வடிவமைத்த ரோலர்களும் பிரித்தானியாவிலிருந்து மலைக்கு ஏற்றப்பட்டன. வாட்டும் தட்டுகளுக்குக் காற்றூட்டும் பெருவிசிறிகள், ரோலர்கள், சலிக்கும் பொறிகள் ஆகியவற்றின் இரைச்சல் இரவுபகலாக ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்தது.

இயந்திர இரைச்சல் செவியைக் கெடுக்கும் என்ற அறிவு அக்காலத்தில் இல்லாதிருந்தது எனக் கொள்வதற்கில்லை. ஊவா மாகாணம் பிறந்த அதே 1886இல், கிளாஸ்கோ நகர மருத்துவர் தோமஸ் பார், கொதிகலம் செய்யும் தொழிலாளர் நூறு பேரின் செவிகளைச் சோதித்து, அவர்களிடையே கேட்டல் இழப்பு மிகப் பரவலாக இருந்ததை வெளிப்படுத்தினார். இயந்திரங்கள் பிரித்தானியாவிலிருந்து ஊவாவுக்கு வந்தன. அவை தரும் ஊறுபற்றிய அறிவு அவற்றோடு கப்பலேறி வரவில்லை.

இன்று எட்டு மணிநேர வேலைக்கு 85 டெசிபெல் என்பது எச்சரிக்கை எல்லையாகப் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அதற்கு மேற்பட்ட இரைச்சலில் நெடுங்காலம் நிற்பவருக்கு 4000 ஹேர்ட்ஸை அண்டிய மெல்லிய ஒலிகளே முதலில் மறைகின்றன. பேசுவது கேட்கும், ஆனால் விளங்காது. பாதிக்கப்பட்டவர் பல ஆண்டுகள் கழிந்தே இதனை உணர்வார். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தொழிலாளர் வென்ற முக்கிய பாதுகாப்புகளே. எனினும், கை நசுங்கிய நாளைக் குறிப்பிட்டு நட்டஈடு கோருவதுபோல், இருபது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத் தேய்ந்த செவிக்கு ஒரு நாளைக் குறிப்பிட்டுக் கோர முடிவதில்லை.

இரைச்சலுக்கு வெளியேயும் காரணங்கள் இருந்தன. நெருக்கமான லயக் காம்பராக்களும் அடுப்புப் புகையும் குளிரும் குழந்தைகளுக்கு அடிக்கடி சளியை ஏற்படுத்தின. கவனிக்கப்படாத சளி நடுச்செவிக்குப் பரவி, காதில் சீழ் வடியும் நாட்பட்ட நோயாகியது. மருந்துகளும் செவியைத் தாக்கின. ஊவாவின் வாயிலில், நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்கும் வழியிலுள்ள ஹக்கலைப் பூங்கா, 1861இல் சிங்கோனா மரத்தைப் பயிரிடுவதற்கெனவே நிறுவப்பட்டது. அம்மரப்பட்டையிலிருந்து பெறப்படும் கொயினா மலேரியாவிலிருந்து உயிரைக் காத்தது. மிகையாகக் கொடுக்கப்பட்டால் காதிரைச்சலையும் கேட்டற்குறையையும் தந்தது. காசநோய்க்குப் பிற்காலத்தில் வந்த ஸ்ரெப்டோமைசினும் அத்தகையதே.

தோட்ட மருத்துவம் இவற்றை முதன்மையாகக் கருதியதில்லை. 1872ஆம், 1912ஆம் ஆண்டுகளின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் தோட்டங்களில் மருத்துவ ஏற்பாடுகளைக் கட்டாயப்படுத்தின. 1916இல் றொக்ஃபெல்லர் மன்றத்தின் உதவியுடன் கொழுக்கிப்புழு ஒழிப்பியக்கம் தொடங்கிற்று. இவற்றின் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்மருத்துவத்தின் அளவுகோல் இறப்பும் வேலைநாள் இழப்புமே ஆகும். காது கேளாத ஒருவர் தொடர்ந்து கொழுந்து பறிக்கக் கூடியவராகையால், அவரது குறை முதலாளியின் கணக்கேட்டில் நட்டமாகப் பதியப்படவில்லை.

3. சிம்மாசனத்திலிருந்து சட்டைப் பைக்கு

இனிக் கருவியின் பக்கம் திரும்புவோம். இலண்டனில் எஃப். சி. றைன் 1800ஆம் ஆண்டளவில் செவிக்கொம்புகளை வணிக முறையில் செய்யத் தொடங்கினார். அவரது நிறுவனம் 1819இல் போர்த்துக்கல் மன்னர் ஆறாம் ஜோனுக்கு ஓர் ஒலிச் சிம்மாசனத்தை அமைத்துக் கொடுத்தது. அதன் கைப்பிடிகள் வாய் திறந்த சிங்கங்களாகச் செதுக்கப்பட்டிருந்தன. பேச வருபவர் முழந்தாளிட்டுச் சிங்கத்தின் வாயருகே பேச, ஒலி குழாயொன்றின் வழியாக மன்னரின் செவியை அடைந்தது. கருவி கேட்பவரின் தகுதியை மட்டுமன்றிப் பேசுபவரின் பணிவையும் வடிவமைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1876இல் வந்த தொலைபேசி, ஒலியை மின்னாக மாற்றிப் பெருக்கும் வழியைத் திறந்தது. 1898இல் அமெரிக்கரான மில்லர் றீஸ் ஹச்சிசன் கரி ஒலிவாங்கியைப் பயன்படுத்தி மின் செவித்துணைக் கருவியை அமைத்தார். அதன் பின்வந்த வடிவத்தைப் பிரித்தானிய அரசி அலெக்சாண்ட்ரா பயன்படுத்தினார். 1930களில் வெற்றிடக் குழாய்களைக் கொண்ட கருவிகள் உடலில் அணியத்தக்கனவாயின. குழாயின் இழையைச் சூடாக்க ஒரு மின்கலமும் உயர் அழுத்தத்துக்கு மற்றொரு மின்கலமும் தேவைப்பட்டன. எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். கருவியை வாங்குவது மட்டுமன்றி மின்கலங்களைத் தொடர்ந்து மாற்றுவதும் வசதியுள்ளோர்க்கே இயல்வதாயிற்று.

இவ்வரலாற்றின் அரசியற் திருப்பம் 1948இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூலை 5ஆம் நாள் தொடங்கிய பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வகுத்த வரைவின்படி செய்யப்பட்ட மெட்றெஸ்கோ என்னும் கருவியை இலவசமாக வழங்கியது. மின்கலமும் பழுதுபார்த்தலும் இலவசம். சுரங்கத் தொழிலாளியும் நெசவாலைத் தொழிலாளியும் செவித்துணைக் கருவியைத் தம் உரிமையாகப் பெற்ற முதற் சந்தர்ப்பங்களுள் இதுவொன்று.

அதே 1948இல் இலங்கையின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதனால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர். பிரித்தானியத் தொழிலாளி குடிமகன் என்ற தகுதியில் கேட்கும் கருவியைப் பெற்ற ஆண்டில், அவர் அருந்திய தேநீரை விளைவித்த தொழிலாளி குடிமகன் என்ற தகுதியையே இழந்தார். இரு நிகழ்ச்சிகளும் ஒன்றுக்கொன்று காரணமானவை அல்ல. ஆயினும், செவித்துணைக் கருவி ஒருவரைச் சென்றடைவதற்கு அறிவியலைப் போலவே குடியுரிமையும் ஒரு முன்நிபந்தனை என்பதை அவை சேர்ந்து உணர்த்துகின்றன.

4. லயத்துக்கு வந்த டிரான்சிஸ்டர்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது பொதுமக்களின் கைக்கு முதலில் வந்தது வானொலியாக அன்று, செவித்துணைக் கருவியாகவே. 1952இன் இறுதியில் சோனோடோன் நிறுவனம் ஒரு டிரான்சிஸ்டரும் இரு குழாய்களும் கொண்ட கருவியை விற்பனைக்கு விட்டது. செவிப்புலன் குறைந்தோரின் கல்விக்காக உழைத்த கிரஹாம் பெல்லின் நினைவாக, செவித்துணைக் கருவிகளுக்கான உரிமத் தொகையைப் பெல் நிறுவனம் தவிர்த்தது. ஓரிரு ஆண்டுகளில் முழுவதும் டிரான்சிஸ்டரால் இயங்கும் கருவிகள் வந்தன; கருவி சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியின் காம்புக்கும் பின்னர் காதின் பின்புறத்துக்கும் ஏறியது.

மலையகத்திலும் டிரான்சிஸ்டர் என்ற சொல் வீட்டுச் சொல்லாயிற்று. ஆனால் அது குறித்தது வானொலிப் பெட்டியையே. மின்சாரமற்ற லயங்களிலும் மின்கல வானொலியில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு முழங்கியது. முதலில் கேளாச் செவிக்கென விற்கப்பட்ட ஒரு நுண்பொருள், தோட்டத்தைக் கேட்கும் செவிக்குரிய பொழுதுபோக்காக வந்தடைந்தது. சந்தையின் இயல்பு இதுவே. வானொலியைப் பெட்டியோடு வாங்கித் திருகினாற் போதும். செவித்துணைக் கருவிக்கோ செவியைச் சோதிப்பவரும், காதுக்குப் பொருந்தும் அச்சைச் செய்பவரும், திரும்பத் திரும்பச் சென்று சரிபார்க்க ஓர் இடமும் வேண்டும். பண்டம் மலையேறிற்று, சேவை ஏறவில்லை.

1964இல் ஸெனித் நிறுவனத்தின் கருவியில் ஒருங்கிணைந்த சுற்று முதன்முதலாக ஒரு நுகர்பொருளில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னைய முடிவுக்கு. எந்த நாட்டில் வாழப்போகின்றோம் என்பதே நிச்சயமற்ற குடும்பத்தில் ஒரு குழந்தையின் செவிப்புலன் பற்றிய நீண்டகாலத் திட்டம் எவ்வாறு உருவாதல் கூடும்? குடியுரிமைச் சிக்கல் 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலேயே பெரும்பாலும் தீர்ந்தது.

கல்வியிலும் இத்தகைய தொலைவே நிலவியது. மேரி சப்மன் 1912இல் கொழும்புக்கு அண்மையில் செவிப்புலனற்றோர்க்கும் பார்வையற்றோர்க்குமான பாடசாலையைத் தொடங்கினார். தமிழ்மொழிமூலம் கற்பிக்கும் நஃபீல்ட் பாடசாலை 1950களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கைதடியில் அமைந்தது. பசறையிலிருந்து கைதடிக்கு ஒரு தொழிலாளியின் பிள்ளை செல்வது எளிதன்று. 1983க்குப் பின்னர் போர் அவ்வழியை மேலும் தொலைவாக்கியது.

5. கருவியின் வடிவமும் உழைக்கும் உடலும்

செவித்துணைக் கருவி எத்தகையதாயினும் அதன் உறுப்புகள் நான்கு: ஒலியை மின்னாக்கும் ஒலிவாங்கி, அதைப் பெருக்கும் பெருக்கி, மீண்டும் ஒலியாக்கும் ஒலிவழங்கி, ஆற்றல் தரும் மின்கலம். இவை எங்கே எவ்வாறு பொருத்தப்படுகின்றன என்பதில்தான் நாம் முன்னர்க் கூறிய கற்பனை வெளிப்படுகின்றது.

உடலில் அணியும் பெட்டிக் கருவி சட்டைப் பையை எதிர்பார்க்கின்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடையில் பை இல்லை. இடுப்பில் படங்கு கட்டியிருப்பார். மார்பில் தொங்கும் ஒலிவாங்கியில் துணி உராயும் ஒலியே மனிதக் குரலைவிட ஓங்கிக் கேட்கும். காதின் பின்புறம் அணியும் கருவி இக்குறையைத் தீர்த்தாலும் வேறொன்றை எதிர்கொள்கின்றது. கொழுந்துக் கூடையின் கயிறு தலைத்துண்டின் மீதாகச் சென்று காதோரமாக முதுகுக்கு இறங்குகின்றது. கருவி தங்கவேண்டிய இடமும் கயிறு செல்லும் வழியும் ஒன்றாகவே அமைகின்றன. ஒலிவாங்கியைத் துணி மூடினால், பெருக்கப்பட்ட ஒலி திரும்பி நுழைந்து சீழ்க்கையாகவும் ஒலிக்கும்.

ஈரம் மற்றொரு பகை. வடகீழ்ப் பருவமழையில் நனைந்தும் மூடுபனியில் நின்றும் வேலை செய்பவரின் காதில் வியர்வையும் மழைநீரும் கருவிக்குள் இறங்கும். 1970களின் இறுதியில் பரவத் தொடங்கிய துத்தநாக–காற்று மின்கலம் காற்றை உள்வாங்கியே இயங்குவது. ஈரமிகுந்த காற்று அதன் ஆயுளைக் குறைக்கும். அம்மின்கலங்களுள் பெரிதான 675ஆம் அளவுக்கு விட்டம் 11.6 மில்லிமீற்றர், சிறிதான 312ஆம் அளவுக்கு 7.9 மில்லிமீற்றர். கருவி கண்ணுக்குத் தெரியாதிருக்க வேண்டும் என்ற நகர்ப்புற நாணம் மின்கலத்தை மேலும் சிறிதாக்கியது. கொழுந்துக்கறை படிந்து காய்த்த விரல்களுக்கு அச்சிறுமையே இடையூறாகும்.

இவற்றோடு ஒரு மருத்துவ நிபந்தனையும் உண்டு. சீழ் வடியும் காதை அச்சினால் அடைத்தல் தகாது, நோய் பெருகும். முதலில் காதைக் குணப்படுத்த வேண்டும். இயலாதவிடத்து என்பின் வழியாக அதிர்வைக் கடத்தும் கருவி தேவை. குழந்தைகளின் காது வளர்வதால் அச்சினைச் சில மாதங்களுக்கொருமுறை புதிதாகச் செய்யவேண்டும். பதுளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதப் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். ஒவ்வோர் அச்சுக்கும் தலைநகர் செல்லவேண்டிய நிலை இருக்குமாயின், ஒவ்வோர் அச்சும் தாயின் இரண்டு அல்லது மூன்று 'பேரை' விழுங்கும்.

6. இலக்கமுறையும் மொழியும்

1996ஐ ஒட்டி டென்மார்க்கின் விடெக்ஸ், ஒட்டிகொன் நிறுவனங்கள் முழுவதும் இலக்கமுறையில் இயங்கும் கருவிகளை வெளியிட்டன. ஒலி எண்களாக மாற்றப்பட்டு, அதிர்வெண் வாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் தேவைக்கேற்பப் பெருக்கப்படுகின்றது. மெல்லொலி கூட்டப்படும், வல்லொலி கட்டுப்படுத்தப்படும், சீழ்க்கை தானே தணிக்கப்படும், இரு ஒலிவாங்கிகள் சேர்ந்து முன்னால் நிற்பவரின் குரலை மிகைப்படுத்தும். நீரையும் தூசியையும் தாங்கும் உறைகளும் மீள்மின்னேற்றக் கலங்களும் பின்னர் வந்தன. கூடைக் கயிற்றையும் மழையையும் தவிர, மேலே கூறிய இடையூறுகள் பலவற்றுக்கு இவ்வாறு தொழில்நுட்பத் தீர்வு கிடைத்துவிட்டது.

அதே 1996இல் இலங்கையில் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதில் உள்ளூராட்சி மன்றங்களுக்கு விதித்திருந்த தடை 2018இலேயே திருத்தப்பட்டது. தோட்டங்கள் 1972, 1975 ஆகிய ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. தொழிலாளியின் நலனுக்குப் பொறுப்பு அரசா, கம்பனியா என்ற வினாவின் இடைவெளியில் அவரது செவி விழுந்தது. கருவியோ வெளிநாட்டிலிருந்து வருவது. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக உயர்ந்தது. மறு ஆண்டு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது கருவியும் மின்கலமும் அவ்வுயர்வுக்கு அப்பால் நழுவின.

தமிழாய்வாளர் கவனிக்கவேண்டிய மற்றொரு துறை மொழியாகும். கருவியைப் பொருத்துமுன் சொற்களைக் கூறி, எவ்வளவு விளங்குகின்றது எனச் சோதிப்பர். ல, ள, ழ ஆகிய ஒலிகளின் வேறுபாடும் ட, த என்பவற்றின் வேறுபாடும் பெரிதும் உயர் அதிர்வெண்களில் தங்கியுள்ளன. முதிர்ந்த தொழிலாளி முதலில் இழப்பவையும் அவையே. தமிழில் இத்தகைய சொற்பட்டியல்கள் தமிழ்நாட்டு வழக்கைத் தழுவி உருவானவை. பெரட்டு, கொழுந்து, கவ்வாத்து, லயம் எனப் பழகிய செவிக்கு அறிமுகமற்ற சொல் விளங்காவிடின், குறை செவியிலா சொல்லிலா என்பதைச் சோதிப்பவர் எங்ஙனம் அறிவார்? மலையக வழக்கிலமைந்த சொற்பட்டியலை ஆக்குவது மொழியியலாளரின் கடமை. அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டியதில்லை.

7. முடிவுரை

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டறிக்கையின்படி 430 மில்லியன் மக்கள் கேட்டற் புனர்வாழ்வை வேண்டி நிற்கின்றனர். அந்நிறுவனமே வருமானங் குறைந்த நாடுகளுக்கேற்ற கருவியின் தன்மைகளை 2017இல் வரையறுத்தது. எனவே ஊவாவுக்கு வேண்டிய கருவி எது என்பது இன்று புதிர் அன்று: காதின் பின்புறம் அணியத்தக்க, ஈரந் தாங்கும், பெரிய மின்கலத்தையோ மீள்மின்னேற்றக் கலத்தையோ கொண்ட எளிய இலக்கமுறைக் கருவி, அதனை உலர்த்த ஈரமுறிஞ்சும் மணிகளிட்ட மூடிய குப்பி, பதுளையிலேயே அச்செடுத்துப் பழுதுபார்க்கும் ஒரு சிறு கூடம்.

கருவிக்கு முன்னதாகச் செய்யவேண்டியவையும் உண்டு. ரோலருக்கு அருகே நிற்பவருக்குச் செவிக்காப்பும் ஆண்டுதோறும் செவிச்சோதனையும் கிடைத்தால், பிற்காலத்தில் கருவியே வேண்டாதிருக்கலாம். பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது குழந்தைகளுக்கான அனைத்துலக நெறி. தோட்டந்தோறும் உள்ள பிள்ளைக்காம்பராவும் மருத்துவிச்சியும் இந்நெறியின் முதற்படியாக அமையக்கூடிய நிறுவனங்கள். கூலிக்குத் தாயை விடுவிப்பதற்காகக் கம்பனி அமைத்த அவ்விடம் பிள்ளையின் மொழியைக் காக்கும் இடமாக மாறுதல் கூடும். முற்றாகக் கேளாதோர்க்குக் கருவி பெரிதும் பயன்படாது. அவர்களுக்குச் சைகைமொழியே தாய்மொழியாகும் என்பதையும், அதனைக் கல்வியிலிருந்து விலக்கிய 1880ஆம் ஆண்டு மிலான் மாநாட்டின் தீர்மானங்களை 2010இல் வன்கூவர் மாநாடு நிராகரித்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளுதல் தகும்.

மலையக வரலாறு இதுவரை பெரும்பாலும் குரலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது: வாக்குரிமை, தொழிற்சங்கம், கூலிப் போராட்டம் ஆகிய அனைத்தும் குரல் எழுப்பியதன் கதைகள். அக்கதைகளின் மதிப்பைக் குறைக்காமலே நாம் ஒன்றைச் சேர்த்துக் கூறுகின்றோம். கூட்டத்தில் பேசப்படுவது விளங்காத தொழிலாளி கை உயர்த்தும்போது அது அவரது சம்மதமாகாது. செவிச்சோதனையும் செவிக்காப்பும் கருவியும் கூலி உடன்படிக்கைகளில் நலன்புரி உதவியாகவன்றித் தொழிலுரிமையாக இடம்பெற வேண்டும். தேயிலை இயந்திரம் மலையேறிய நூற்றாண்டிலேயே அதன் ஊறும் அறியப்பட்டிருந்தது என்பதால், இக்கோரிக்கை காலத்துக்கு முந்தியது என எவரும் கூறுதற்கில்லை.